முதல் பனியை நம்பலாமா?

பனிச்சரிவு என்ற சொல் நம் தமிழ் வீடுகளுக்குள் உண்மையாக நுழைந்தது 2016 பிப்ரவரியில்தான். அந்த மாதம் 3ஆம் தேதி சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலையின் மேல் பனிச்சுவர் ஒன்று இடிந்து விழுந்தது. பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள்: வேலூர் மாவட்டத்து ஹவில்தார் ஏழுமலை, தேனி மாவட்டத்து லான்ஸ் ஹவில்தார் குமார், மதுரை மாவட்டத்துச் சிப்பாய் கணேசன், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிப்பாய் ராமமூர்த்தி. ஆறு நாள் கழித்து, 25 அடிக்கும் கீழே, கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு எடுக்கப்பட்டார். நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. 11ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "சார், நீங்க பட்டாளத்துல இருந்தவராச்சே, அங்க எப்பவும் இப்படித்தானா?" டீக்கடையில் கேட்டார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்டார்கள், பேத்தி வயதுப் பெண்கள்கூடக் கேட்டார்கள். நான் சிக்னல் பிரிவில் 17 வருஷம் வேலை பார்த்தவன். சியாச்சின் போனதில்லை. ஆனால் கார்கில் பக்கம் திராஸில் இரண்டு குளிர்காலம் இருந்திருக்கிறேன். பனியோடு எனக்குள்ள பழக்கம் அவ்வளவுதான்.

சோனத்தில் விழுந்தது பனிக்கட்டிச் சுவர். அது ஒரு வகை. மலையில் ஆட்களை அதிகம் கொல்வது இன்னொரு வகை. மேலே விழுந்து படிந்த பனி, பலகை பலகையாகப் பெயர்ந்து சறுக்கி வருவது. இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். அதிலும் குறிப்பாக அக்டோபர், நவம்பர், டிசம்பரில் விழும் முதல் பனியைப் பற்றி.

ஏன் இப்போது என்றால், காரணம் என் அக்கா பேத்தி. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. டிசம்பர் மூன்றாம் வாரம் நண்பர்களோடு உத்தரகாண்டில் கேதார்காந்தா ஏறப் போகிறாள். சாங்க்ரி என்ற கிராமத்திலிருந்து நடந்து போய், 12,500 அடி உயரச் சிகரம். இப்போது நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போகிற இடம். போனில் என்னிடம் அவள் கேட்ட கேள்வி இது: "தாத்தா, டிசம்பர்ல பனி நல்லா இருக்குமா? ஜனவரி அளவுக்கு இருக்காதாம். அதனால ஆபத்தும் கம்மின்னு சொல்றாங்க. சரிதானே?"

பாதி சரி. மீதிப் பாதியைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இது.

முதலில் நம் மொழியில் உள்ள ஒரு சிக்கல். நமக்கு மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனிதான், காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையை மங்கலாக்குவதும் பனிதான், இமயமலையில் ஆள் உயரம் கிடப்பதும் பனிதான். மூன்றுக்கும் ஒரே சொல். அதனால் நம் ஆட்கள் மலையில் கிடக்கும் பனியையும் ஒரே பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெள்ளையாக, மெத்தென்று, மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருக்கும் என்று.

அப்படி இல்லை. மலைச்சரிவில் கிடக்கும் பனி ஒரு அடுக்குச் சோறு. அக்டோபரில் விழுந்தது அடியில். அதன் மேல் நவம்பர் காற்று கொண்டுவந்து கொட்டியது. அதன் மேல் ஒரு வெயில் நாளில் உருகி இறுகிய ஓடு. அதன் மேல் நேற்றிரவுப் புதுப்பனி. ஒவ்வொரு அடுக்கும் வேறு வேறு குணம். எல்லாவற்றையும் தாங்குவது அடியில் கிடக்கும் முதல் அடுக்கு. வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி.

அந்த அஸ்திவாரம் பெரும்பாலும் சரியாக அமைவதில்லை. இதைப் புரிந்துகொள்ள இயற்பியல் பட்டம் வேண்டாம். வீட்டில் பழைய ஃபிரிட்ஜ் இருந்தால் போதும். மேல் பெட்டியில் பட்டாணிப் பையை மாதக்கணக்கில் மறந்துவிட்டால், பைக்குள் ஊசி ஊசியாகப் பனி முளைத்திருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பட்டாணியின் ஈரமே ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் போய் ஊசியாக உட்கார்ந்திருக்கிறது.

மலையிலும் அதுதான் நடக்கிறது. கோடை முழுக்கச் சூடு வாங்கிய தரை, பனிக்கு அடியில் ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் இருக்கும். மேலே இரவுக் காற்று மைனஸ் 15. நடுவில் ஒன்றரை அடிப் பனிதான் என்றால், அந்தச் சின்னக் கனத்துக்குள் 15 டிகிரி வித்தியாசம். பத்து செ.மீ.க்கு ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே பனியின் உருவம் மாறத் தொடங்கிவிடும் என்பது கணக்கு. இங்கே அதைப்போல மூன்று மடங்கு. அடியிலிருந்து ஆவி மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அடிப்பனியின் பூப்போன்ற மென்மை போய், மூலை முடுக்கு உள்ள பெரிய மணிகளாக வளரும். ஒன்றோடு ஒன்று ஒட்டாது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகும். வெளிநாட்டுக்காரர்கள் இதைச் சர்க்கரைப் பனி என்பார்கள். எனக்குக் கல் உப்புதான் நினைவுக்கு வரும். மரக்காணம் உப்பளத்தில் குவித்து வைத்திருப்பார்களே, அந்தக் குவியலின் ஓரத்தில் கால் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிற்கிற மாதிரி இருக்கும், கால் வைத்ததும் ஓடும்.

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். பனி இரண்டு மீட்டர் கனத்துக்குக் கிடந்தால், அதே 15 டிகிரி வித்தியாசம் இரண்டு மீட்டரில் பரவிவிடும். அடிப்பனி அவ்வளவு கெடாது, பல சமயம் இறுகி நல்லபடியாகிவிடும். பனி கொஞ்சமாக இருக்கும் காலத்தில்தான் கல் உப்பு வேகமாக விளையும். கொஞ்சப் பனி, தெளிந்த வானம், கடுங்குளிர் இரவுகள். இந்த மூன்றும் சேர்ந்த நவம்பர், பார்ப்பதற்கு அழகான நவம்பர். போட்டோக்காரனுக்குப் பிடித்த நவம்பர். ஆனால் அந்தக் குளிர்காலத்துக்கே அஸ்திவாரம் கெட்டுப்போவதும் அந்த மாதத்தில்தான். பிறகு டிசம்பரில் மேற்கிலிருந்து ஒரு காற்றுச்சுழற்சி வந்து ஒரே ராத்திரியில் இரண்டு அடிப் பனியைக் கொட்டினால், அது போய் உட்காருவது இந்தக் கல் உப்பின் மேல். இடம் வடக்குப் பார்த்த சரிவாக இருந்தால் இன்னும் மோசம். அங்கே குளிர்காலத்தில் வெயில் படுவதே அபூர்வம். முதல் பனி உருகிப் போகாமல் அப்படியே கிடந்து கெடும்.

போன தீபாவளிக்கு அக்கா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது பிள்ளைகளுக்கு ஒரு சோதனை செய்து காட்டினேன். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு பெரிய தாம்பாளத்தில் துண்டை விரித்து, அதன் மேல் அரை அங்குலத்துக்குக் கல் உப்பைப் பரப்புங்கள். அதன் மேல் அரிசி மாவைச் சலித்துக் கொட்டி, ஒரு தட்டால் மெல்ல அழுத்தி ஒரே பலகையாக்குங்கள். பிறகு தாம்பாளத்தை ஒரு பக்கமாக மெல்லத் தூக்குங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகாது. திடீரென்று மேல் ஓரத்தில் ஒரு கோடு விழும். அடுத்த நொடி மாவு முழுவதும் ஒன்றாக இறங்கிவிடும். உப்பு இல்லாமல் துண்டின் மேல் நேராக மாவைப் பரப்பிச் செய்தால், இன்னும் நிறையச் சாய்த்தால்தான் விழும். "நல்ல மாவை இப்படி வீணாக்குறியேடா" என்று அக்கா திட்டியது தனிக்கதை.

பிள்ளைகள் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. சரிந்தது மாவுதான். ஆனால் சரியவைத்தது கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடந்த உப்பு. மலையில் நடப்பவன் பார்ப்பது மேல் மாவை மட்டும்.

எந்தச் சரிவும் விழுந்துவிடுமா என்றால் இல்லை. பலகைச் சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் நடக்கும். நம்மூர்ப் பழைய பிரெஞ்சு வீடுகளின் மரப்படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அந்தச் சாய்வு. அதற்குக் குறைந்தால் சறுக்குவது அரிது. ரொம்பச் செங்குத்தாக இருந்தால் பனி தங்காமல் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். ஆபத்தான சாய்வுதான் ஏறுவதற்கு வசதியான சாய்வாகவும், பார்ப்பதற்கு அழகான சாய்வாகவும் இருக்கிறது. இது மலையின் குறும்பு.

திராஸில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 1989, நவம்பர் கடைசி வாரம். எங்களுக்கு மேலே ஒரு காவல் நிலை. அங்கே இருந்த வயர்லெஸ் செட்டுக்கு பேட்டரி தீர்ந்துகொண்டு வந்தது. அதே சமயம் அங்கே ஒரு பையனுக்கு இருமல், மூச்சுத்திணறல். உயரத்தில் அது லேசான விஷயம் இல்லை, நுரையீரலில் நீர் கோத்து ஆளைக் கொண்டுபோய்விடும். செட் செத்துவிட்டால் அவன் நிலைமை கீழே தெரியாது. பேட்டரியோடு ஆறு பேர் கிளம்பினோம். தலைமை ஒரு கட்வாலி நாயப் சுபேதார். கூட திராஸ் ஊர்க்காரர் ஒருவர், சுமை தூக்குபவர். இடுப்பில் ஆளுக்கொரு சிவப்பு நாடாக் கயிறு. புதைந்துவிட்டால் கயிறாவது பனிக்கு மேல் தெரியட்டும் என்று கட்டுவது. அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த கருவி அதுதான்.

விடிவதற்கு முன்பே நடந்தோம். வெயில் ஏறுவதற்குள் சரிவுகளைத் தாண்டிவிட வேண்டும் என்பது பட்டாளத்து விதி. பனி முழங்கால் அளவுதான். இரண்டு நாள் முன்பு கொஞ்சம் பெய்து, பலத்த காற்றும் அடித்திருந்தது. குறுக்கே கடக்க வேண்டிய ஒரு சரிவு வந்தது. இருநூறு மீட்டர் இருக்கும். வடக்குப் பார்த்த சரிவு, கீழே ஓடை. அதைக் கடந்தால் காவல் நிலை ஒரு மணி நேரம்.

நாயப் சுபேதார் ஓரத்தில் நின்றுவிட்டார். மண்வெட்டியால் தரைவரை ஒரு குழி வெட்டினார். என்னைக் கூப்பிட்டு, "இங்க வா மதராஸி, பாரு" என்றார். மேலே ஒரு சாண் கனத்துக்குக் காற்று இறுக்கிய பலகை, கத்தியால் அறுக்கலாம் போல. அதற்கு அடியில் மின்னும் மணிகள். கையுறையில் அள்ளிக் காட்டினார். நின்ற இடத்திலேயே ஒழுகிப் போயின. அவர் எழுந்து இரண்டு அடி எடுத்து வைத்தபோது ஒரு சத்தம் கேட்டது. வெடிச் சத்தம் இல்லை. பெரிய மெத்தையின் மேல் யாரோ தொப்பென்று உட்கார்ந்த மாதிரி, காலுக்கு அடியில் பூமியே ஒரு மூச்சு விட்ட மாதிரி, "வும்ம்" என்று. அடி அடுக்கு நொறுங்கி, மேல் பலகை ஒரு நூல் இறங்கும் சத்தம் அது. நாங்கள் நின்ற இடம் சமதளமாக இருந்ததால் எதுவும் நகரவில்லை. திராஸ்காரர் ஒன்றும் பேசாமல் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். நாயப் சுபேதாரும் திரும்பச் சொன்னார்.

சுற்றிக்கொண்டு மலைமுகட்டின் மேலேயே ஏறிப் போனோம். ஒரு மணி நேரம் ஏழு மணி நேரமாயிற்று. ராத்திரிவரை மேலேயிருந்து சேதி இல்லாமல் கீழே ஒரே கலவரம். நாயப் சுபேதாருக்கு மறுநாள் போனில் நல்ல பாட்டு கிடைத்தது. முழங்கால் பனிக்குப் பயந்து ஏழு மணி நேரம் சுற்றினாயா என்று. அவர் எதிர்த்துப் பேசவில்லை. "ஜி சாப்" என்று சொல்லிவிட்டுக் கம்பளிக்குள் சுருண்டுகொண்டார். நோய்ப்பட்ட பையனை அதே முகட்டு வழியாகக் கீழே இறக்கினோம். பிழைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் மறுபடி கொஞ்சம் பெய்தது. அடுத்த நாள் அந்தச் சரிவைத் தூரத்திலிருந்து பார்த்தோம். ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைவரை நேர்கோடாக வெட்டி, முழுச் சரிவும் இறங்கியிருந்தது. காய்ந்த புல் தெரிந்தது. மேலே முழங்கால் அளவு இருந்த பனி, கீழே ஓடைக்குள் இரண்டு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. இருநூறு மீட்டர் அகலப் பனியை ஒரு குறுகிய ஓடைக்குள் கொட்டினால் அப்படித்தான் ஆகும். அன்றிலிருந்து "கொஞ்சப் பனிதானே" என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த ஓடைதான் கண்ணில் வரும்.

இது எங்கேயோ ஒருமுறை நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2019 நவம்பர் 18, சியாச்சினின் வடக்குப் பகுதி. எட்டுப் பேர் கொண்ட ரோந்துக் குழு பனிச்சரிவில் சிக்கியது. நான்கு வீரர்களும் இரண்டு சுமை தூக்குபவர்களும் இறந்தார்கள். அதே மாதம் 30ஆம் தேதி, தெற்குச் சியாச்சினில் மேலும் இரண்டு வீரர்கள். இரண்டும் நவம்பர்.

2022 அக்டோபர் 4 இன்னும் கொடுமை. உத்தரகாசியில் 1965 முதல் இயங்கும் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் மாணவர்கள் திரௌபதி கா தண்டா என்ற சிகரத்தில் பயிற்சியில் இருந்தார்கள். பலகைபோல் பெயர்ந்த பனி அவர்களை அடித்துக்கொண்டு போய்ப் பனிப்பிளவுக்குள் தள்ளியது. 29 பேர் போனார்கள். அவர்களில் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம் 16 நாள் இடைவெளியில் எவரெஸ்ட்டும் மகாலுவும் ஏறிய பெண் அவர். அனுபவம் இல்லாதவர்கள்தான் மாட்டுவார்கள் என்ற பேச்சுக்கு இதற்கு மேல் பதில் வேண்டுமா? நம் ஊரில் ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கிக்கொண்டிருந்த நாள் அது. யாரும் அதைக் குளிர்காலம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள்.

சீசன் தொடக்கத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. மனிதர்களும் பழகியிருக்க மாட்டார்கள். கோடை முழுக்கப் பாறையிலும் புல்லிலும் நடந்த கால், வெள்ளையைப் பார்த்ததும் குதிக்கும். கருவிகள் கிடங்கில் கிடக்கும். எந்தச் சரிவு இந்த வருஷம் எப்படி என்று யாருக்கும் இன்னும் தெரியாது. பனிப்பிளவுகளின் மேல் மெல்லிய மூடி மட்டும் போட்டிருக்கும், பிளவே தெரியாது. பாறைகள் லேசாக மூடியிருக்கும் இடங்களில் பனி மெலிந்திருக்கும். அங்கே ஒரு ஆள் கால் வைத்தால் போதும், எடை நேராக அடி உப்புக்குப் போய்விடும். பனிச்சரிவில் சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேரை இழுத்துப் போட்டது அவர்களோ அவர்களுடன் வந்தவர்களோ கிளப்பிய சரிவுதான் என்று மலைநாடுகளில் கணக்கு எடுத்திருக்கிறார்கள்.

என் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களைச் 'சொல்தா' என்போம். இவர் சொல்தா. நான் இந்தியப் பட்டாளம், அவர் பிரெஞ்சுப் பட்டாளம். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் இரண்டு நாட்டு ராணுவமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சுண்டல் தின்னும். அவர் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் சில வருஷம் இருந்தவர்.

1970 பிப்ரவரி 10 காலையில் வால் திசேர் என்ற ஊரில் நடந்ததை அவர்தான் எனக்கு முதலில் சொன்னார். இளைஞர்கள் தங்கும் விடுதியில் எல்லாரும் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிர்மலையிலிருந்து பனி இறங்கி உணவுக்கூடத்துக்குள் புகுந்தது. 39 பேர் இறந்தார்கள். "தட்டுல ரொட்டியோட செத்தாங்கய்யா" என்பார். அதற்கு அடுத்த ஆண்டு, 1971இல், பனியையும் பனிச்சரிவையும் ஆராய பிரான்ஸில் ஒரு தேசியச் சங்கமே அமைத்தார்கள். 1993இல் ஐரோப்பிய நாடுகள் கூடி, பனிச்சரிவு அபாயத்துக்கு ஒன்று முதல் ஐந்துவரை ஒரே எண் வரிசை வைத்துக்கொண்டன. நம் நாட்டிலும் அந்த வேலை நடக்கிறது. பனியை ஆராய 1969இல் மணாலியில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 2020இல் அது இன்னொரு ஆய்வகத்தோடு சேர்ந்து பாதுகாப்புத் துறையின் புவித்தகவல் ஆய்வு நிறுவனமாக மாறியது. காஷ்மீர், லடாக், இமாசலம், உத்தரகாண்ட் மாவட்டங்களுக்கு இன்றும் அங்கிருந்துதான் பனிச்சரிவு எச்சரிக்கை வருகிறது.

இது எங்கள் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு மாதிரிதான். அங்கே ஒன்று முதல் பதினொன்று, இங்கே ஒன்று முதல் ஐந்து. மனிதன் நடந்துகொள்ளும் விதமும் இரண்டிலும் ஒன்றுதான். பெரிய எண் ஏற்றினால் எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மூன்று ஏற்றினால் பாதி ஊர் அலை பார்க்கக் கடற்கரைக்கு வரும். ஆல்ப்ஸிலும் அதிகம் பேர் சாவது ஐந்தாம் எண் நாளில் இல்லை, மூன்றாம் எண் நாளில் என்கிறார் சொல்தா. ஐந்தில் யாரும் வெளியே வருவதில்லை. மூன்று என்றால் 'நடுத்தரம்' என்று காதில் விழுகிறது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் மேல் நின்றுகொண்டு ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அது பெயருக்குச் சாதாரணப் புயல்தான். 2011இல் வந்த தானே போல மிகத் தீவிரப் புயல் இல்லை. பெயரை வைத்துப் பயத்தை அளக்கக் கூடாது என்று அன்று எங்கள் ஊர் தெரிந்துகொண்டது.

சரி, புதைந்தால் என்ன ஆகும்? இதைப் பேத்தியிடம் மென்று விழுங்காமல் சொல்லிவிட்டேன். நின்றுவிட்ட பனி மெத்தென்று இருக்காது, சிமெண்டு போல இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. முதல் 15 நிமிஷத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிஷம் ஆனால் பத்தில் மூன்று பேர்தான். ஹனுமந்தப்பா ஆறு நாள் இருந்தது கோடியில் ஒன்று. ஆக, ஹெலிகாப்டரும் நாயும் வந்து காப்பாற்றும் என்பது பெரும்பாலும் நடக்காத காரியம். காப்பாற்றக்கூடியவர்கள் கூட நடக்கிறவர்கள் மட்டுமே. அதற்கு ஆளுக்கு மூன்று பொருள் வேண்டும்: உடம்பில் கட்டிக்கொள்ளும் சிக்னல் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி, மண்வெட்டி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். அந்தச் சிக்னல் கருவி உலகம் முழுக்க 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் வேலை செய்கிறது. எங்கள் சிவப்பு நாடாவின் பேரன் அது. சிக்னல்காரன் என்பதால் எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை.

பேத்தியை நான் போகாதே என்று சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிற வயசில்லை, எனக்கும் தடுக்கிற எண்ணம் இல்லை. அழைத்துப் போகிறவர்களிடம் கேட்கச் சொல்லி ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்.

நாங்கள் ஏறுவதற்கு முந்தைய மூன்று நாளில் எவ்வளவு பனி பெய்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று யார் பார்த்துச் சொல்வார்கள்? வழியில் 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த திறந்த சரிவு எத்தனை, அதன் கீழே என்ன இருக்கிறது, சமவெளியா ஓடையா? அப்படிப்பட்ட இடத்தை ஒவ்வொருவராகக் கடப்போமா, கூட்டமாகவா? தேடும் கருவிகள் உண்டா, அதை வைத்து இந்த சீசனில் ஒருமுறையாவது பழகினீர்களா? கடைசியாக, திரும்பிப் போகலாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?

சென்னையில் இருந்த ஏற்பாட்டாளர் இரண்டுக்குத்தான் பதில் சொன்னார். மற்றதற்கு "அதெல்லாம் இந்த ரூட்டுக்குத் தேவைப்படாது மேடம், ஃபேமிலியோட போறாங்க" என்றாராம். அவள் விடவில்லை. சாங்க்ரி ஊர்க்காரரான வழிகாட்டிப் பையனின் எண்ணை வாங்கி, என்னையும் சேர்த்துப் பேச வைத்தாள். எனக்குப் பட்டாளத்து ஹிந்தி இன்னும் முழுசாக மறக்கவில்லை. அவன் பதில் எனக்குப் பிடித்திருந்தது. வழியில் பாதிக்கு மேல் காட்டுக்குள்தான், அங்கே பயமில்லை. கடைசி நாள் சிகரத்துக்கு ஏறும்போது முகட்டை ஒட்டியே கூட்டிப் போவேன். குறுக்கு வழி என்று சிலர் பக்கத்துச் சரிவில் சறுக்கி விளையாட இறங்குவார்கள், அதை விடமாட்டேன். முந்தின ராத்திரி காற்று அடித்திருந்தால் கீழேயே நிறுத்திவிடுவேன். "போன வருஷம் ரெண்டு தடவை நிறுத்தினேன் சாப், ரெண்டு தடவையும் திட்டு வாங்கினேன்" என்றான்.

எனக்கு அந்தக் கட்வாலி நாயப் சுபேதாரின் "ஜி சாப்" நினைவு வந்தது. அந்த மலைக்காரர்களுக்குத் திட்டு வாங்கப் பழகிவிட்டது போல.

பேத்தி கருவிகளுக்கு வாடகை கட்டிவிட்டாள். நண்பர்கள் நான்கு பேரும் பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு கருவியை மணலுக்குள் புதைத்துத் தேடிப் பழகியிருக்கிறார்கள். முதல் தடவை 20 நிமிஷம், ஐந்தாம் தடவை ஆறு நிமிஷமாம். நான் அவளிடம் மேற்கொண்டு ஒன்றுதான் சொன்னேன். அந்தப் பையன் "திரும்பலாம்" என்று சொல்கிற காலையில், கட்டின பணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.